துருப்பிடிச்ச ஒரு சென்ட் காசும் ரெண்டு வயசுக் குழந்தையோட ரேஷன் புக்கும்

நீங்க கேட்டது இதுதான்: "அமெரிக்காவுல 8ஆம் கிளாஸ் பசங்களுக்கு ஹிஸ்டரி சொல்லிக்குடுக்கணும், பழைய காலத்து வீட்டுச் சாமான்களை வச்சு நடத்துனா மண்டையில ஏறுமா, 50 டாலருக்குள்ள என்னென்ன வாங்கலாம்?"

ஏறும், நல்லாவே ஏறும். ஆனா கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுக் காட்டுனா ஏறாது, கையில குடுக்கணும், குடுத்துட்டு நம்ம கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். இந்த ரெண்டாவது விஷயம் எனக்குப் பிடிபடவே நாலு வருஷம் ஆச்சு.

நான் ஒஹையோவுல ஒரு மிடில் ஸ்கூல்ல சோஷியல் ஸ்டடீஸ் எடுக்குறேன், சொந்த ஊரு கோவில்பட்டிப் பக்கம். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு கிஃப்ட் ஷாப்புல 40 டாலர் குடுத்து சுதந்திரப் பிரகடனத்தோட நகல் ஒண்ணு வாங்குனேன், டீத்தண்ணியில முக்கி எடுத்த மாதிரி பழுப்புத் தாளு, ஃப்ரேம் எல்லாம் போட்டு ஜோரா இருந்துச்சு. கிளாஸ்ல மாட்டுனேன். ஒரு பையன் கிட்டக்க போயி பாத்துட்டு "இது பிரிண்ட் அவுட்தானே மிஸ்"ன்னான். அவ்வளவுதான், அந்த வருஷம் முடியுற வரைக்கும் வேற ஒருத்தரும் அதைத் திரும்பிக்கூடப் பாக்கல.

அதுக்கப்புறம் ஒரு ஃப்ளீ மார்க்கெட்ல ஒரு பெரியவர் டப்பா நிறைய பழைய காசு வச்சுக்கிட்டு இருந்தாரு, அதுல சாம்பல் கலர்ல இருந்த ஒரு சென்ட் காசுங்களை மட்டும் தனியாப் பொறுக்கி ஒரு கை அள்ளிக்கிட்டு வந்தேன், எல்லாமே 1943. இன்னைக்கு வரைக்கும் என் கிளாஸ்ல இதை அடிச்சுக்க வேற சாமான் கிடையாது.

எப்படிப் பண்ணுவேன்னா, ஆளுக்கு ஒண்ணு குடுத்துருவேன். மூணு நிமிஷம் யாரும் பேசக்கூடாது, பாத்ததை மட்டும் நோட்டுல எழுதணும், நினைக்கிறதை எழுதக்கூடாது. "பழசு"ன்னு எழுதுனா கோடு போட்டு அடிச்சுருவேன், பழசுங்கிறது நீயா நினைச்சுக்கிறது, "ஓரத்துல மட்டும் துரு பிடிச்சிருக்கு"ங்கிறதுதான் கண்ணால பாத்தது. லிங்கன் மூஞ்சி இருக்கு, வருஷம் இருக்கு, ஆனா கலரு ஒரு சென்ட் மாதிரி செம்புக் கலரா இல்லையேன்னு பாதி கிளாஸ் முழிக்கும். டூப்ளிகேட்டுன்னு சிலது சொல்லும், 10 சென்ட்டுன்னு சிலது சொல்லும் (அந்தக் காலத்துல கடைக்காரங்களே அப்படித்தான் குழம்பியிருக்காங்க). அப்பத்தான் மேக்னெட்டை எடுப்பேன். காசு டக்குன்னு எம்பி ஒட்டும் பாருங்க, அந்தச் சத்தத்துக்கு கடைசி பெஞ்சும் எந்திரிச்சு வந்துரும். அவங்கவங்க பையில இருக்குற ஒரு சென்ட்டை எடுத்து வச்சுப் பாப்பாங்க, அது ஒட்டாது.

அப்போ செம்பு எங்க போச்சு? ரெண்டாம் உலகப் போருக்குப் போச்சு, குண்டுத் தோட்டாவுக்கும் வயருக்கும். அதனால அந்த ஒரு வருஷம் மட்டும் இரும்புத் தகட்டுல துத்தநாகம் பூசி காசு அடிச்சாங்க, 100 கோடிக்கு மேல. முதல்ல தகட்டுக்குப் பூச்சு, அப்புறம்தான் வட்ட வட்டமா வெட்டுறது, அதனால வெட்டுப்பட்ட ஓரத்துல பூச்சே இருக்காது, துரு அங்கதான் பிடிக்கும். "ஓரத்துல துரு"ன்னு எழுதுன பொண்ணு முகத்தை அப்ப பாக்கணும். 1944ல மறுபடி பழைய கலருக்கே வந்துட்டாங்க, அதுக்கு வெடிச்ச தோட்டாவோட கூட்டை உருக்கியும் சேத்துக்கிட்டாங்க. இவ்வளவும் நான் லெக்சர் அடிக்கிறதுக்கு முன்னாடியே பாதிக்கு மேல அவங்களே ஊகிச்சிருப்பாங்க, தப்பும் தவறுமாத்தான். அந்தத் தப்பு எனக்கு வேணும். ஒரு சாமான் பிள்ளைங்களைத் தப்பா ஊகிக்க வைக்கலேன்னா அதை நான் கிளாசுக்கு எடுத்துக்கிட்டுப் போறதே இல்ல.

அடுத்தது ரேஷன் புக்கு. நமக்கெல்லாம் ரேஷன் கார்டுன்னா பொறந்ததுல இருந்து பீரோவுக்குள்ள இருக்குற சமாச்சாரம், இங்க பிள்ளைங்களுக்கு "அமெரிக்காவுலயா? சக்கரையா?"ன்னு நம்பவே முடியாது. 1942 மே மாசம் சக்கரையில ஆரம்பிச்சு, அந்த நவம்பர்ல காபி, 1943ல டின்னுல அடைச்ச சாமான், கறி, வெண்ணெய், சீஸ் எல்லாமே புக்குக்குள்ள வந்துருச்சு. போர் முடிஞ்சது 1945ல, சக்கரை ரேஷன் போனது 1947ல. புக்கு அட்டையிலயே பேரு, வயசு, எடை, உயரம், என்ன வேலைன்னு கையால எழுதியிருக்கும். என்கிட்ட இருக்குறதுல வயசு 2ன்னு நீல இங்க்ல எழுதியிருக்கு, கீழ கையெழுத்து அம்மாவோடதுன்னு நினைக்கிறேன். நான் வாயே திறக்க மாட்டேன், யாராவது அந்த 2ஐ கண்டுபிடிக்கிற வரைக்கும் வெயிட் பண்ணுவேன். கண்டுபிடிச்சதும் "ரெண்டு வயசுக் குழந்தை காபி குடிக்குமா, கறி வாங்குமா, அதுக்கு எதுக்குத் தனி புக்கு"ன்னு சண்டையே நடக்கும். தலைக்கு ஒரு புக்கு, கைக்குழந்தைக்கும் உண்டு, அதுல உள்ள ஸ்டாம்ப்பையும் சேர்த்துத்தான் அம்மா வீட்டுக்குச் சாமான் வாங்குவாங்க. காசு இருந்தா மட்டும் பத்தாது, பாயிண்ட்டும் இருக்கணும். கறி, வெண்ணெய்க்கு சிவப்பு பாயிண்ட்டு, டின் சாமானுக்கு நீலம். நான் ஒரு விலைப்பட்டியல் போட்டுக் குடுத்து நாலு பேரு குடும்பத்துக்கு ஒரு வாரச் சாப்பாடு பிளான் பண்ணச் சொல்லுவேன், புதன்கிழமையோட எல்லா குரூப்புக்கும் வெண்ணெய் தீந்துரும்.

மிச்சம் கிழிக்காத ஸ்டாம்ப் உள்ள இருக்கும், அதுல டேங்க்கு, கப்பல், பிளேன் படம் போட்டிருக்கும், அதையும் கவனிக்கச் சொல்லுங்க. பெட்ரோலுக்கும் ரேஷன் வந்துச்சு, அதுக்கு முக்கியமான காரணம் பெட்ரோல் இல்ல, டயரு. 1942 தொடக்கத்துல மலாயா ஜப்பான்கிட்ட விழுந்ததும் ரப்பர் வரத்து நின்னு போச்சு, வண்டி ஓடுனாத்தானே டயர் தேயும், பெட்ரோலைக் குறைச்சா வண்டி ஓடாது. அந்த மலாயாத் தோட்டத்துல மரம் சீவி பால் எடுத்தது பெரும்பாலும் யாருன்னு தமிழ்ல படிக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. எங்க கிளாஸ்ல மேப்பை விரிச்சு இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கும்.

இப்ப பருத்தி. இதுல நான் ஒரு பெரிய தப்பு பண்ணேன், அதையும் சொல்லிடறேன், நீங்க பண்ணிறக்கூடாது.

கரிசக்காட்டுல பொறந்தவளுக்கு பருத்தி என்ன புதுசா, வெடிச்ச காயி காஞ்சு போச்சுன்னா அதோட முனை விரலை எப்படிக் கிழிக்கும்னு எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்துல ரெண்டாவது வருஷமோ மூணாவது வருஷமோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காயைக் குடுத்து "நீங்க எல்லாரும் இப்ப அடிமைங்கன்னு வச்சுக்கோங்க, பத்து நிமிஷத்துல யாரு அதிகமா கொட்டை எடுக்குறாங்கன்னு பாப்போம்"னு போட்டி வச்சுட்டேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டு பண்ணாங்க. ஒரு கறுப்பினப் பொண்ணு மட்டும் காயைத் தொடவே இல்ல, டெஸ்க்ல வச்சுட்டு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்துச்சு. மறுநாள் அவங்க அம்மா வந்தாங்க. கத்தல, திட்டல. "எங்க பாட்டி மிசிசிப்பியில பருத்தி எடுத்தவங்க, என் பொண்ணுக்கு இது விளையாட்டு இல்ல, உங்க கிளாஸ்ல மத்த பிள்ளைங்க அவளைப் பாத்துச் சிரிச்சது உங்களுக்குத் தெரியுமா"ன்னு கேட்டாங்க. தெரியல. நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். மன்னிப்புக் கேட்டேன், அந்த அம்மாவே உக்காந்து அரை மணி நேரம் பேசி எப்படி மாத்தலாம்னு சொன்னாங்க, அது அவங்க பெருந்தன்மை.

இப்ப யாருக்கும் வேஷம் கிடையாது, போட்டி கிடையாது. நானே ப்ரொஜெக்டர் கேமராவுக்குக் கீழ ஒரே ஒரு காயை வச்சு, எதுவும் பேசாம கொட்டையைப் பிரிச்சு எடுப்பேன். பஞ்சு கொட்டையை விடவே விடாது, பிச்சுப் பிச்சு இழுக்கணும். அஞ்சாறு நிமிஷம் ஆகும், கிளாஸ் அமைதியா ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு இருக்கும். அப்புறம் கிச்சன் தராசுல ரெண்டையும் தனித்தனியா போடுவேன், பாதிக்கு மேல கொட்டைதான் எடை நிக்கும், பஞ்சு ரெண்டு கிராம்கூட தேறாது. நல்லாப் பழகுன கையா இருந்தாலும் நாள் முழுக்க உக்காந்தா ஒரு பவுண்டு பஞ்சு, அதாவது 450 கிராம், அவ்வளவுதான் தேறும்னு அந்தக் காலத்துக் கணக்கு. தொட்டுப் பாக்கணும்னு ஆசைப்படுறவங்க மட்டும் ஓரத்து டேபிளுக்கு வரலாம்.

1793ல எலி விட்னி கொட்டை எடுக்குற மிஷின் பண்ணாரு, நம்ம ஊர்ல ஜின்னிங் ஃபேக்டரிங்கிறோமே, அந்த ஜின். கம்பிப் பல்லு பஞ்சைப் பிடிச்சு ஒரு சந்து வழியா இழுத்துரும், கொட்டை சந்துல நுழைய முடியாம இந்தப் பக்கமே நின்னுரும். கையால சுத்துற சின்ன மிஷினே ஒரு நாளைக்கு 50 பவுண்டு தள்ளும். இதைச் சொல்லிட்டு ஒரே ஒரு கேள்வி: அப்போ அடிமைங்க எண்ணிக்கை கொறைஞ்சிருக்குமா, கூடியிருக்குமா? எல்லா வருஷமும் முக்கால்வாசிக் கை "கொறைஞ்சிருக்கும்"னுதான் தூக்கும். மிஷின் வந்தா ஆள் வேண்டாம், நியாயம்தானே. போர்டுல ரெண்டே நம்பர் எழுதுவேன். 1790ல சுமார் 7 லட்சம். 1860ல கிட்டத்தட்ட 40 லட்சம்.

கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டாங்க. அப்புறம் யாராவது ஒருத்தர் மெதுவா, "கொட்டை எடுக்கத்தான் மிஷின், செடியில இருந்து காயை எடுக்க மிஷின் இல்லையே"ம்பாங்க. அவ்வளவுதான், பாடம் அங்க திறந்துரும். கொட்டை எடுக்குற வேலை சுலபமானதும் இன்னும் பத்து மடங்கு நிலத்துல பருத்தி போட்டாங்க, அலபாமா, மிசிசிப்பின்னு நிலம் விரிஞ்சுச்சு, அந்த நிலத்துல இருந்த செவ்விந்தியர்களை வெளிய தள்ளுனாங்க. 1808ல இருந்து வெளிநாட்டுல இருந்து அடிமைங்களைக் கொண்டு வரக்கூடாதுன்னு சட்டம், அதனால வர்ஜீனியா, மேரிலாந்து பக்கத்துல இருந்து தெற்க வித்தாங்க, சுமார் 10 லட்சம் பேரை, புருஷன் ஒரு பக்கம் பிள்ளை ஒரு பக்கம்னு. உள்நாட்டுப் போருக்கு (1861ல வடக்கும் தெற்கும் மோதுனது) முன்னாடி நாட்டோட ஏற்றுமதியில பாதிக்கு மேல பருத்தி. அந்தப் போர்ல அமெரிக்கப் பருத்தி இங்கிலாந்து லங்காஷயர் மில்லுக்குப் போகாம நின்னப்பதான் தூத்துக்குடி வழியா போன எங்க திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு விலை எகிறுச்சு. என் ஊர்க் கதையில இவங்க ஊர்ப் போர் இருக்குன்னு நான் இங்க வந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை, கிராஃப்ட் கடையில அலங்காரத்துக்கு விக்குற பருத்திக் கொம்பு வாங்கிறாதீங்க, அதுல பாதி டூப்ளிகேட், பஞ்சை உருட்டி ஒட்டியிருப்பான், உள்ள கொட்டையே இருக்காது, கொட்டை இல்லாம இந்தப் பாடமே இல்ல.

மத்ததெல்லாம் சுருக்கமா. பழைய இஸ்திரிப் பெட்டி, முழுசும் இரும்பு, அடுப்பு மேல வச்சு சூடு பண்றது, தூக்கச் சொன்னாலே போதும். 1930கள் நடுவுல டவுன்ல பத்துக்கு ஒன்பது வீட்டுல கரண்ட்டு, பண்ணை வீட்டுல பத்துக்கு ஒண்ணு, அதனாலதான் 1935ல கிராமத்துக்குக் கரண்ட்டு குடுக்கத் தனி ஏஜென்சியே போட்டாங்க. சிப்பாய் பிஸ்கட்டும் நல்லா எடுபடும், மைதா, தண்ணி, உப்பு மூணையும் பிசைஞ்சு கல்லு மாதிரி வேக வச்சு எடுத்தா உள்நாட்டுப் போர் சிப்பாய் தின்னது ரெடி, கடிக்கச் சொல்லாதீங்க, பல்லு போச்சுன்னு கம்ப்ளெயிண்ட் வரும், அவங்களே காபியில ஊற வச்சுத்தான் தின்னாங்க, நீங்களும் ஊற வச்சே குடுங்க. முள்ளுக்கம்பி ஒரு சாண், பலகையில ஆணி அடிச்சு வச்சது என்கிட்ட இருக்கு, கிளிடன்னு ஒருத்தர் 1874ல பேட்டன்ட் வாங்குனது, மேற்கத்திப் புல்வெளி வேலிக்குள்ள போன கதைக்கு அது ஆகும், ஆனா சின்னப் பிள்ளைங்கன்னா வேண்டாம்.

அம்பு முனை, செவ்விந்தியர் சாமான்னு ஃப்ளீ மார்க்கெட்ல விப்பாங்க, அந்தப் பக்கமே போகாதீங்க. பாதி போலி, மீதி எந்தச் சமாதியில தோண்டுனதோ யாருக்குத் தெரியும். பெரிய சாமான் ஏதாவது வேணும்னா உங்க ஊரு மியூசியத்துல கேளுங்க, பெட்டியில போட்டு ஸ்கூலுக்கு வாடகைக்கோ சும்மாவோ அனுப்புற வழக்கம் நிறைய இடத்துல இருக்கு. பிள்ளைங்க வீட்டுத் தாத்தா பாட்டிகிட்டயும் கேட்டு விடுங்க, என் கிளாசுக்கு வந்த நல்ல சாமான் பாதி அப்படி வந்ததுதான்.

உங்க 50 டாலர் கணக்குக்கு: 1943 காசு 20 எண்ணம், தேய்ஞ்சதா பாத்து வாங்குங்க, பளபளன்னு இருக்குறதை மறுபடி பூச்சு ஏத்தி விக்குறாங்க, ஓரத்துத் துரு கிடைக்காது. ஈபேல ரேஷன் புக்கு ஒண்ணு, குழந்தை வயசு எழுதுனதா பொறுமையாத் தேடுங்க, கிடைக்கும், போட்டோ எடுத்துப் போடும்போது பேரையும் அட்ரஸையும் மறைச்சுருங்க. கொட்டையோட பருத்திக் காயி நாலு. மைதா ஒரு கிலோ. மேக்னெட்டு வாங்க வேண்டாம், ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்குமே, அதையே கழட்டிக்கிட்டுப் போங்க.