ஆஸ்கர் மீன் தலையில் குழி: மருந்துக்கு முன்னால் தண்ணீர்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் வீவக அடுக்குமாடி வீட்டில் இரண்டடித் தொட்டியில் இரண்டு ஆஸ்கர் வளர்க்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஒரு மாதமாகக் கண்ணுக்கு மேலே ஊசி குத்தினாற்போல் குழிகள். ஒன்று தின்பதே இல்லை. வெள்ளையாக நூல்போல் கழிகிறது. இரு வாரத்துக்கு ஒருமுறை, இரவெல்லாம் வாளியில் பிடித்துவைத்த தண்ணீர்தான் மாற்றுகிறேன். கடையில் மருந்து ஒரு புட்டி கொடுத்து, தெம்புக்கு உயிருள்ள தங்கமீன் குஞ்சு போடச் சொன்னார்கள். குணமில்லை. வேறு என்ன மருந்து வாங்கலாம், ஐயா?

பதில்: தம்பி, வெள்ளைக் கழிச்சலும் பசியின்மையும் குடலில் ஹெக்ஸாமிட்டா என்ற ஒட்டுண்ணி பெருகியதால் இருக்கலாம். அதற்குக் கேட்கும் மருந்து மெட்ரோனிடசோல். மீன் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் காட்டி, அளவு கேட்டுக் கொடுங்கள். ஆனால் தண்ணீர் இப்படியே இருந்தால் குழி திரும்பவும் விழும்.

வாளியில் பிடித்துவைத்தால் பறந்துவிடுவது வெறும் குளோரின். சிங்கப்பூர்க் குழாயில் வருவது குளோராமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது. அது ஓர் இரவில் போகாது. செவுளை அரிக்கும், வடிகட்டியில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். மலிவான குளோரின் முறிப்பான் அதை உடைத்தாலும் அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். தண்ணீரின் பிஎச் (புளிப்பு, காரத் தன்மையின் அளவு) 7இலிருந்து 8க்கு ஏறினால் அம்மோனியாவின் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகும். நம் வெப்பம் அதை இன்னும் கூட்டும். அதனால் அம்மோனியாவையும் கட்டும் என்று புட்டியில் எழுதியிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். இந்த ஒரு புட்டியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை மாற்றிவிடாதீர்கள். பழைய தண்ணீர் புளித்துப் பிஎச் இறங்கியிருக்கும். திடீரென ஏறினால் அடங்கிக் கிடந்த அம்மோனியா நஞ்சாகிவிடும். ஒரு வாரம் தினமும் கால்பங்கு மாற்றுங்கள், அப்புறம் வாரம் இருமுறை பாதி. மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாயடியில் காட்டாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள்.

உயிர்மீன் போடச் சொன்னவர் தன் வியாபாரத்தைத்தான் பார்த்திருக்கிறார். நெருக்கி அடைத்து விற்கும் அந்தக் குஞ்சுகளோடு ஒட்டுண்ணியும் வீட்டுக்கு வரும். தங்கமீனில் உள்ள தயமினேஸ் என்ற நொதி, வைட்டமின் பி1ஐ அழிக்கும். அமேசானில் ஆஸ்கர் பூச்சி, இறால், நத்தை, பழம் எல்லாம் தின்கிற மீன். ஆஸ்கர் சேர்ந்த சிக்லிட் குடும்ப மீன்களுக்கான நல்ல குருணைத் தீவனத்தைக் கொஞ்சமாகப் போடுங்கள், போதும்.

சுமார் 60 லிட்டர் தொட்டிக்கு இரண்டு ஆஸ்கர் குஞ்சை விற்றதே தப்பு. அது 30 சென்டிமீட்டர் வளரும். இரண்டுக்கு ஐந்தடித் தொட்டியாவது வேண்டும். இடமில்லையென்றால் பெரிய தொட்டி உள்ளவரிடம் கொடுங்கள். நீர்த்தேக்கத்தில் விடுவது சட்டப்படி குற்றம். அதே தென்னமெரிக்காவிலிருந்து வந்த பீகாக் பாஸ் மீன் ஏற்கெனவே நம் நீர்த்தேக்கங்களில் பெருகிக் கிடக்கிறது. காலியாகும் இரண்டடித் தொட்டியில் ஒரு ஜோடி ராம் சிக்லிட் என்ற சின்ன மீன் வளர்க்கலாம். அதற்குப் பிடித்தது 28 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம், இங்கே சூடேற்றியே தேவைப்படாது.