பழைய புவா கும்பு: வயதை அறிவதும் வீட்டில் காப்பதும்

கேள்வி: காலஞ்சென்ற என் மாமனார் 1970களில் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் பணியாற்றியபோது வாங்கிய, சிவப்பும் கருநீலமும் கலந்த பெரிய கைத்தறித் துணி ஒன்று எங்களிடம் உள்ளது. அது அங்குள்ள இபான் பழங்குடி மக்களின் புவா கும்பு என்று அறிந்தோம். பழம்பொருள் விற்பவர் ஒருவர் அதற்கு நூறு வயதுக்கு மேல் இருக்கும் என்கிறார். இந்தோனேசியாவின் சும்பா தீவைச் சேர்ந்த பழந்துணி ஒன்றையும் எங்களை வாங்கச் சொல்கிறார். துணியின் வயதை எப்படி உறுதி செய்வது? அதைத் துவைத்து, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாமா? – தெம்பனிஸ் வாசகி

பதில்: முதலில், தயவுசெய்து அதைத் துவைக்க வேண்டாம். பல பத்தாண்டுகள் கடந்த பருத்தி இழை நனைந்தால் தன் எடையையே தாங்காமல் அறுந்துவிடக்கூடும். சலவைத்தூள் சாயத்தைக் கெடுக்கும். அழுக்கு என்று நீங்கள் நினைக்கும் கறை, சடங்குகளில் அந்தத் துணி பயன்பட்டதற்கான தடயமாகவும் இருக்கலாம். தூசியை மட்டும் அகற்றினால் போதும்: மெல்லிய நைலான் வலையைத் துணியின் மேல் விரித்து, தூசி உறிஞ்சியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, சற்றே உயரத்தில் நகர்த்துங்கள்.

வயதைப் பொறுத்தவரை, ஆய்வுக்கூடம் எண்ணைச் சொல்லிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. இழையிலுள்ள கரிமத்தைக் கொண்டு வயதைக் கணிக்கும் கதிர்கரிமப் பரிசோதனை ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையிலான காலத்துக்குத் தெளிவான விடை தருவதில்லை. நம் கைக்கு வரும் பெரும்பாலான துணிகளோ அந்த இடைவெளிக்குள்தான் அடங்குகின்றன. ஆகவே துணி எப்படி உருவானது என்பதைத்தான் படிக்க வேண்டும்.

புவா கும்புவின் வடிவங்கள் நெய்வதற்கு முன்பே, தறியில் நீளவாக்கில் செல்லும் பாவு நூலில் உருவாகிவிடுகின்றன. வெண்மையாக நிற்க வேண்டிய பகுதிகளை நாரால் இறுகக் கட்டி, நூலை முதலில் சிவப்பில் தோய்த்து, பிறகு சிவப்பாக நிற்க வேண்டியவற்றையும் கட்டி அவுரி நீலத்தில் தோய்ப்பார்கள். அந்தச் சிவப்பு, நம் ஊர் நுணா மரத்தின் இனத்தைச் சேர்ந்த மெங்குடு மரத்தின் வேரிலிருந்து வருவது. பருத்தி அதை எளிதில் ஏற்காது என்பதால், நூலை முன்கூட்டியே எண்ணெய், உப்பு, இஞ்சி முதலியவற்றால் பக்குவப்படுத்துவார்கள். 'ங்கார்' என்ற இந்தச் சடங்கை, அளவும் முறையும் அறிந்த மூத்த பெண் ஒருவரே முன்னின்று நடத்துவார். சமூகத்தில் அவருக்கிருந்த மதிப்பு மிகப் பெரிது. உங்கள் துணியில் சிவப்பு ஆழமாகவும் சீராகவும் இருந்தால், இந்த உழைப்பைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள்.

இப்போது பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். வடிவங்களின் ஓரம் பாவு செல்லும் திசையில் மட்டும் லேசாகச் சிதறி, இறகின் விளிம்பைப் போல் இருக்க வேண்டும். குறுக்கே செல்லும் ஊடை நூல் வடிவத்துக்கேற்ப நிறம் மாறாமல் ஒரே நிறமாகத் தெரிய வேண்டும். ஊடையிலும் வடிவத்தின் நிறம் ஏறியிருந்தாலோ, பின்பக்கம் வெளிறியிருந்தாலோ அது அச்சிட்ட துணி. அடுத்து நடுத் தையலைப் பாருங்கள். நெய்பவர் தன் இடுப்போடு பிணைத்துக்கொள்ளும் இடுப்புத் தறியில் நெய்யக்கூடிய அகலம் குறைவு என்பதால், பெரிய புவாவை வழக்கமாக இரண்டு பட்டைகளாக நெய்து இணைப்பார்கள். அந்தத் தையலின் மடிப்புக்குள் வெளிச்சம் படாத நிறம் எஞ்சியிருக்கும். உள்ளே கண்ணைப் பறிக்கும் ஊதாவோ இளஞ்சிவப்போ தெரிந்தால் அது செயற்கைச் சாயமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். முதல் செயற்கைச் சாயத்தை வில்லியம் பெர்க்கின் 1856-இல் கண்டறிந்தார். செயற்கை அவுரி 1897-இல்தான் சந்தைக்கு வந்தது. இவை சரவாக்கின் உட்பகுதி ஆற்றங்கரைகளை எட்டியது இன்னும் பிந்தி. ஆலை நூல் கலந்திருப்பதை மட்டும் வைத்துப் புதிது என்று தள்ளிவிடாதீர்கள், ஏனெனில் அது 19-ஆம் நூற்றாண்டிலேயே வணிகர்கள் வழியே சரவாக்குக்கு வந்துவிட்டது. நெய்த நூலே புறஊதா விளக்கில் நீலவெண்மையாக ஒளிர்ந்தால், 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தியது என்று ஐயுறலாம். ஒட்டுத்தையல் நூல் மட்டும் ஒளிர்ந்தால் அது பிற்காலத்துப் பழுதுபார்ப்பு, அவ்வளவுதான்.

தேயிலை நீரிலோ புகையிலோ பழமையூட்டப்பட்ட துணிகளும் சந்தையில் உண்டு. அவற்றில் பழுப்பு எங்கும் ஒரே சீராகப் படிந்திருக்கும். உண்மையான தேய்மானம் மடிப்புகளிலும் ஓரங்களிலும் கை பட்ட இடங்களிலும் கூடுதலாக இருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் 'இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி' என்ற அளவில்தான் நேர்மையாக முடிவு சொல்ல முடியும், அதுவே போதுமானது. சாதாரணமான 1890-ஆம் ஆண்டுத் துணியைவிட, தேர்ந்த கை நெய்த 1930-ஆம் ஆண்டுத் துணியையே நான் உயர்வாக மதிப்பேன். அதனினும் பெரிய செல்வம் உங்களிடம் இருக்கிறது: மாமனாரின் நினைவுகள். அவர் எந்த ஊரில் பணியாற்றினார், சாரிபாஸ், பாலே போன்ற எந்த ஆற்றுப் பகுதியில் வாங்கினார், ரசீதோ கடிதமோ பழைய புகைப்படமோ உண்டா என்று குடும்பத்துப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். புவா வடிவங்களுக்கு நெய்தவர்கள் சூட்டிய புகழ்ப்பெயர்கள் உண்டு. ஊரும் ஆறும் தெரிந்தால், கூச்சிங்கிலுள்ள துன் ஜுகா அறநிறுவனம் போன்ற இடங்களில் உள்ள துணிகளோடு ஒப்பிட்டு அந்தப் பெயர்களை அறிய வழி பிறக்கும்.

சும்பா துணியை வாங்க அவசரப்படாதீர்கள். அங்கு ஆண்கள் அணியும் 'ஹிங்கி' துணி இணையாகவே நெய்யப்பட்டது. ஒன்று இடுப்புக்கு, மற்றொன்று தோளுக்கு. டச்சுக்காரர் காலத்திலிருந்தே விற்பனைக்காகவும் அது நெய்யப்பட்டிருப்பதால், பழமை என்பது சடங்குப் பயன்பாட்டுக்குச் சான்றாகாது. இந்தோனேசியாவின் 2010-ஆம் ஆண்டுப் பண்பாட்டு மரபுடைமைச் சட்டம் 50 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள்களையும் கருத்தில் கொள்கிறது. இந்தியாவின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டுப் பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 'மிகப் பழையது' என்று விற்பவர் சொல்லச் சொல்ல, அது எப்போது, எப்படி நாட்டை விட்டு வெளியேறியது என்பதற்கான ஆவணத்தை நீங்கள் கேட்டாக வேண்டும். வாங்குவதற்கு முன் எம்பிரஸ் பிளேசிலுள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் துணிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் கூடத்தில் சில மணி நேரம் செலவிட்டு, நல்ல துணி எப்படி இருக்கும் என்று கண்ணைப் பழக்குங்கள்.

நிரந்தரமாக மாட்டுவதை நான் பரிந்துரைக்கவில்லை. மூன்று மாதம் மாட்டி, பிறகு நீண்ட ஓய்வு கொடுங்கள். வெயில் நேரே படாத சுவரில், மேல் ஓரத்தில் கையால் தைத்த பருத்திப் பட்டையையும் வெல்குரோவையும் கொண்டு எடை சமமாகப் பரவும்படி தொங்கவிடுங்கள். ஆணியும் பசையும் கூடாது. சட்டமிட்டால் கண்ணாடி துணியைத் தொடக்கூடாது. அரும்பொருளகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தையே அனுமதிக்கின்றன.

நம் ஊரின் பெரும் பகை ஈரப்பதம். சராசரி 80 விழுக்காட்டைத் தாண்டும் சிங்கப்பூர்க் காற்றில், 65 விழுக்காட்டுக்கு மேல் போனாலே பூஞ்சைக்கு வழி பிறக்கிறது. இரவில் குளிரூட்டியை ஓடவிட்டுப் பகலில் நிறுத்திவிடும் படுக்கையறையில் ஈரம் ஏறி இறங்குவது இழைகளைச் சோர்வடையச் செய்யும். குளியலறைச் சுவரையும் வெளிச்சுவரையும் ஒட்டாத அலமாரியைத் தேர்ந்து, சிறிய ஈரமானி ஒன்றையும் சிலிக்கா ஜெல் பைகளையும் வையுங்கள். மடிக்காமல், அமிலமற்ற தாள் சுற்றிய பருமனான குழாயில் உருட்டி, துவைத்த கோராத் துணியால் மூடுங்கள். அந்துருண்டை வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை விரித்துப் பார்க்கும்போது பூச்சி அரித்த தடம் தெரிந்தால், துணியைக் காற்றுப் புகாத பையில் அடைத்து, உறைபெட்டியில் -18 பாகையில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுதும் பையைத் திறக்காமல் விடுங்கள். அப்படிச் செய்தால்தான் குளிர்ந்த துணியின் மேல் நீர் கோத்துக்கொள்ளாது.