கையெழுத்து வைக்க முன்: நீரில் மூழ்கும் மரணங்களும் சட்டமும் – கேள்வி பதில்

மாரி தொடங்கப் போகிறது. இனிக் கிணறு, குளம், கேணி, வயல் வாய்க்கால் எல்லாம் நிரம்பும். நான் யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணி. உயிர்காப்புப் பயிற்சி பெற்றுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் பழக்கி வருகிறேன். நீரில் மூழ்கி இறப்பவர்களைப் பற்றியும் அதில் யாருக்குப் பொறுப்பு என்பது பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. பெயர்களையும் ஆளை அடையாளம் காட்டும் விபரங்களையும் எடுத்துவிட்டேன்.

உரும்பிராயிலிருந்து ஒரு தாய்: பக்கத்து வளவு பல வருடமாகப் பற்றை. சொந்தக்காரர் கனடாவில். உள்ளே கட்டு இடிந்த கிணறு ஒன்று இருக்குது. பிள்ளைகள் பந்து எடுக்க வேலிக்குள்ளால் பூருகிறார்கள். சொந்தக்காரரின் ஆட்களிடம் சொன்னால், "உங்கட பிள்ளைகளை நீங்கள் பாருங்கோ" என்கிறார்கள். சட்டத்தில் ஒன்றும் செய்ய ஏலாதா?

செய்யலாம் அக்கா. முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். கிணறு எந்த நிலையில் இருக்கிறது, பிள்ளைகள் உள்ளே போகிறார்கள், இன்ன திகதியில் வாயால் சொன்னோம் என்று எழுதி, கிணற்றின் படத்தையும் வைத்து, சொந்தக்காரருக்கும் இங்கே அவருக்காக வளவைப் பார்ப்பவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அற்றோணித் தத்துவம், அதாவது சொந்தக்காரருக்காகச் செயற்படும் எழுத்து மூல அதிகாரம், வைத்திருப்பவர் யார் என்று கிராம சேவையாளருக்குத் தெரிந்திருக்கும். ஒரு பிரதியைப் பிரதேச சபைக்கும் கொடுங்கள். அந்தக் கடிதம் கைக்குப் போன பிறகு, "எனக்குத் தெரியாது" என்று அவர்கள் சொல்ல முடியாது. கவனக்குறைவு வழக்குகளில் பெரும்பாலும் முதல் சண்டையே ஆபத்து அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதில்தான்.

கிணறு ஒழுங்கை ஓரமாகவோ, கோயிலடி, விளையாட்டு மைதானம் போன்ற பொது இடத்தை அண்டியோ இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆவது பிரிவின் கீழ், அப்படிப்பட்ட கிணற்றையோ குழியையோ வேலியிட்டுப் பாதுகாக்கும்படி நீதவான் கட்டளையிடலாம். யாரும் விழுந்த பிறகுதான் போக வேண்டும் என்றில்லை. எங்கள் ஊரில் இந்தப் பிரிவைப் பயன்படுத்துபவர் மிகக் குறைவு. அது எனக்குப் பெரிய மனவருத்தம்.

"உங்கட பிள்ளைகளை நீங்கள் பாருங்கோ" என்பதிலும் சட்டத்துக்கு ஒரு கண் இருக்கிறது. பெற்றோரின் பக்கத்திலும் கவனக்குறைவு இருந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நட்டஈட்டில் அந்தப் பங்கு குறைக்கப்படலாம். குறையும், அவ்வளவுதான். சொந்தக்காரரின் பொறுப்பு அதனால் இல்லாமல் போகாது.

அப்புறம், உங்கள் சொந்தக் கிணற்றையும் ஒருக்கால் பாருங்கள். கட்டு பெரியவரின் இடுப்பளவுக்காவது இருக்க வேண்டும். மேலே பூட்டக்கூடிய இரும்பு வலை போடுங்கள். உடுப்புத் தோய்க்கிற கல்லையும் கவிழ்த்த வாளியையும் கட்டோடு ஒட்டி வைக்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில் கிணற்றடித் தொட்டியில் தண்ணீர் தேக்கி வைக்கவே வேண்டாம்.

ஒரு ஆசிரியர், வடமராட்சி: வருடாவருடம் மாணவரைச் சுற்றுலா கூட்டிப் போகிறோம். இம்முறை காரைநகர் கசூரினா கடற்கரை. எல்லாப் பெற்றோரிடமும் சம்மதக் கடிதம் வாங்கியிருக்கிறோம். ஏதும் நடந்தால் அது எங்களைக் காப்பாற்றுமா?

காப்பாற்றாது சேர். பிள்ளையைக் கூட்டிப் போகலாம் என்பதற்குத்தான் அந்தக் கடிதம் சம்மதம். கவனிக்காமல் விடலாம் என்று எந்தப் பெற்றோரும் எழுதித் தரவில்லை, எழுதித் தந்தாலும் அது செல்லாது. பிள்ளைகள் உங்கள் பொறுப்பில் இருக்கும்போது, புத்தியுள்ள ஒரு பெற்றோர் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்க்க வேண்டிய கடமை உங்களுக்கு உண்டு. அதில் பாரதூரமாகத் தவறி ஒரு பிள்ளை இறந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆவது பிரிவு வரும். யோசனையற்ற அல்லது கவனக்குறைவான செயலால் மரணம் விளைவித்தல் என்பது அந்தக் குற்றம். ஐந்து வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும்.

2024 நவம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தின் காரைதீவுப் பக்கம் நடந்ததை எல்லோரும் அறிவோம். வெள்ளம் பாய்ந்த வீதியால் மதரஸா மாணவரை ஏற்றிப் போன உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு பிள்ளைகள் இறந்தார்கள். பிறகு மதரஸாவின் அதிபர் உட்படச் சிலர் கைதானார்கள்.

கசூரினா அலை குறைந்த, ஆழமும் குறைந்த கடல் என்பதால் எல்லோரும் நம்பி இறங்குவார்கள். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம். போவதென்றால் இப்படிச் செய்யுங்கள். தண்ணீரில் இறங்காத ஒரு ஆசிரியர் கரையில் நின்று பார்க்கட்டும். அவர் கையில் கைத்தொலைபேசி இருக்கக் கூடாது, சாப்பாட்டுப் பார்சல் பிரிக்கிற வேலையும் அவருக்கு வேண்டாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் ஆளை மாற்றுங்கள். பிள்ளைகளைச் சோடி சோடியாக விட்டு, விசில் ஊதினால் சோடியின் கையைப் பிடித்து உயர்த்தச் சொல்லுங்கள். ஒரு சோடி குறைந்தால் உடனே தெரியும். இன்னொன்று, மூழ்குகிற பிள்ளை கத்தாது. வாய் தண்ணீருக்குள் போய்வரும்போது மூச்செடுக்கவே நேரம் போதாது, எப்படிக் கத்துவது? தலை பின்னுக்குச் சாய்ந்திருக்கும், கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமத்தும், ஆள் ஒரே இடத்தில் செங்குத்தாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் விளையாடுவது போலத்தான் இருக்கும்.

ஒரு தம்பி (இடம் சொல்ல விரும்பவில்லை): தொண்டைமானாற்றில் குளிக்கப் போன இடத்தில் எங்கட சிநேகிதன் போய்விட்டான். நாங்கள் கொஞ்சம் குடித்திருந்தோம். எனக்கு நீந்தத் தெரியாது, இறங்கவில்லை. நான் குற்றவாளியா?

தம்பி, இல்லை. ஒருவரைக் காப்பாற்றத் தண்ணீரில் இறங்காதது மட்டும் எங்கள் சட்டத்தில் குற்றமில்லை. நீங்கள் அவரைத் தள்ளியிருந்தால், அவரைப் பார்க்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு விட்டுப் போயிருந்தால், அது வேறு கதை. நீந்தத் தெரியாத நீங்கள் இறங்கியிருந்தால் அன்று இரண்டு பிரேதம் வந்திருக்கும்.

விசாரணையில் குடித்ததை மறைக்காதீர்கள். உடற்கூற்றுப் பரிசோதனையில் அது தெரியவரும், மறைத்தால் நீங்கள் சொன்ன மற்ற உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். ராத்திரி நித்திரை வராமல் இருந்தால் யாழ். போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது, போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தொண்டைமானாறு பற்றி மற்றவர்களுக்கும் ஒன்று. மழைக் காலத்தில் தடுப்பணைக் கதவு திறந்தால் நீரேரித் தண்ணீர் முழுக்கக் கடலுக்கு இழுக்கும். நேற்று முழங்காலளவு நின்ற இடம் இன்று அப்படி இருக்காது.

கொக்குவில்: தண்ணீரில் இருந்து எடுத்தவரைத் தோளில் தூக்கி ஓடினால், அல்லது வயிற்றை அமத்தினால் தண்ணீர் வெளியே வரும் என்கிறார்களே?

செய்யவே வேண்டாம். வயிற்றை அமத்தினால் சாப்பாடு மேலே வந்து சுவாசப்பைக்குள் போகும். அவருக்குத் தேவை காற்று. மல்லாக்கக் கிடத்தி, நாடியை (முகவாயை) உயர்த்தி, மூச்சில்லை என்றால் மூக்கைப் பொத்தி வாயோடு வாய் வைத்து முதலில் ஐந்து தரம் ஊதுங்கள். நெஞ்சு எழும்புகிறதா என்று பாருங்கள். அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் முப்பது தரம் வேகமாக அமத்தி இரண்டு தரம் ஊதுங்கள், அதையே விடாமல் தொடருங்கள். பக்கத்தில் நிற்பவர் 1990க்கு அடிக்கட்டும், அம்புலன்ஸ் இலவசம். எழும்பி உட்கார்ந்து கதைக்கிறார் என்றாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். சில மணித்தியாலம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம்.

ஒரு தந்தை: பதினொரு வயது மகனைத் தனியார் நீச்சல் தடாகம் ஒன்றில் பழக விட்டோம். ஒரு பயிற்றுநருக்கு நிறையப் பிள்ளைகள். மகன் அடியில் கிடந்ததை இன்னொரு பிள்ளைதான் கண்டது. மரண விசாரணையில் "மரணத்தில் யாரிலும் சந்தேகமில்லை" என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி ஒன்றும் இல்லையா?

ஐயா, இருக்கிறது. இந்தப் பதிலை மற்றவர்களும் முழுதாக வாசியுங்கள்.

மரண விசாரணை எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும். பிரேத அறை வாசலில் சனம் நிற்கும். வீட்டில் பந்தல் போட்டாயிற்று. உடலைக் கெதியாய்த் தந்தால் போதும் என்ற நிலையில் தகப்பன் ஒரு வாங்கில் இருப்பார். திடீர் மரண விசாரணை அதிகாரி கேட்பார், பக்கத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் எழுதுவார். "யாரிலும் சந்தேகம் இருக்கா?" என்ற கேள்வி வரும். யாரும் கொன்றார்களா என்று கேட்கிறார்கள் என்றே தகப்பன் நினைப்பார். இல்லை என்பார். கையெழுத்து.

அந்த இடத்தில் யாரையும் கொலைகாரன் என்று சொல்லச் சொல்லவில்லை. தெரிந்ததை அப்படியே சொல்லுங்கள் என்கிறேன். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பயிற்றுநர், உயிர்காப்பாளர் நின்றாரா, எவ்வளவு நேரம் கழித்துக் கண்டார்கள், முதலுதவி கொடுத்தது யார். "கவனக்குறைவு இருந்தது என்று நினைக்கிறேன், விசாரிக்க வேண்டும்" என்று சொல்லி, அந்த வசனம் எழுத்தில் வந்திருக்கிறதா என்று வாசித்துப் பார்த்த பிறகு கையெழுத்து வையுங்கள். வாசிக்கிற நிலையில் நீங்கள் இல்லை என்றால், நிதானமாக இருக்கும் மாமாவையோ மச்சானையோ பக்கத்தில் வைத்திருங்கள்.

உங்கள் விடயத்துக்கு வருகிறேன். மரண விசாரணை ஒரு தீர்ப்பு இல்லை. மரணம் எப்படி நேர்ந்தது என்று பார்ப்பதே அதன் வேலை. யாரையும் அது விடுதலை செய்யாது. நீங்கள் இன்றும் பொலிஸில் மேலதிக வாக்குமூலம் கொடுக்கலாம், விடயத்தை நீதவானின் கவனத்துக்குக் கொண்டு போகும்படி சட்டத்தரணி மூலம் கேட்கலாம்.

நட்டஈட்டு வழக்கு தனி, அதை மாவட்ட நீதிமன்றத்தில் போட வேண்டும். காலவரையறைக் கட்டளைச் சட்டப்படி இழப்புக்கான வழக்கை இரண்டு வருடத்துக்குள் தொடங்க வேண்டும். தவணை கடந்தால் எவ்வளவு நியாயம் இருந்தாலும் கதவு பூட்டு. பிரதேச சபை, மாநகர சபை போன்றவற்றின் மேல் என்றால் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், காலமும் இதைவிடக் குறுகியது.

முன்பு எங்கள் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டப்படி, உழைக்காத பிள்ளை இறந்தால் பெற்றோருக்குச் செத்தவீட்டுச் செலவு போன்ற பண இழப்பைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பிள்ளையை இழந்த துயரத்துக்குச் சட்டத்தில் இடமே இருக்கவில்லை. ஒருவரின் மரணத்துக்கு நட்டஈடு அறவிடும் 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. பிழையான செயலாலோ கவனக்குறைவாலோ ஒருவர் இறந்தால், அன்பையும் அரவணைப்பையும் துணையையும் இழந்ததற்கு நெருங்கிய உறவினர் நட்டஈடு கேட்கலாம். இந்தச் சட்டம் வந்தது நம் சனத்தில் பெரும்பாலானோருக்குத் தெரியாது. பணத்துக்காகப் பிள்ளையின் சாவை விற்பதா என்று உறவினர் சிலர் உங்களிடம் கேட்பார்கள். கேட்கட்டும். அடுத்த தவணை அந்தத் தடாகத்தில் பழகப் போகும் பிள்ளைகளுக்கு இரண்டாவது பயிற்றுநர் ஒருவர் கிடைப்பது இப்படியான வழக்கால்தான்.

நாளைக்கே செய்ய வேண்டியது: தடாகத்தின் சீசீரீவிப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். பழைய பதிவு தானாக அழிந்துவிடும். கட்டணப் பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்திகள், அன்று நின்ற பெற்றோரின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள்.

வேலணை: குறிகட்டுவான் இறங்குதுறையில் திருவிழா நாளில் படகில் சனத்தை அடைக்கிறார்கள். உயிர்காப்பு அங்கி நாறுது என்று பலர் போடுவதில்லை.

நாறினாலும் போடுங்கள். ஆட்கள் கூடிவிட்டால் இறங்கி அடுத்த படகுக்கு நில்லுங்கள், நயினாதீவு அம்மாள் காத்திருப்பா. 2021 நவம்பர் 23இல் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும் காலத்தில் ஓடிய இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்தார்கள். படகை நடத்தியவர்களோடு நிற்காமல், அனுமதி கொடுத்த விடயத்தில் நகர சபைத் தலைவரும் கைதானார். அனுமதிப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பவருக்கும் பொறுப்பு உண்டு.

மருதங்கேணி: கடல் இழுத்தால் என்ன செய்வது?

கரைக்கு நேரே நீந்தி இழுவையோடு மல்லுக்கட்டாதீர்கள். கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்புங்கள். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்துங்கள். வாடைக் காற்றுக் காலத்தில் வடமராட்சி கிழக்குக் கடலில் குளிக்கவே வேண்டாம். கடற்றொழிலாளரே அன்று கரையில் நின்றால் நீங்கள் எதற்கு இறங்குகிறீர்கள்?

கீரிமலை: சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்களில் பொடியள் குதிக்கிறார்கள்.

மறியுங்கள். கரை செங்குத்து, ஏறப் பிடியில்லை, அடியில் கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது. மேலே சொன்ன 98ஆவது பிரிவு, பொது இடத்தை அண்டிய குழிகளுக்கும் பொருந்தும்.

ஒரு விவசாயி, புன்னாலைக்கட்டுவன்: கிணற்றுக்குள் மிசினை இறக்கி இறைக்கும்போது ஒருவர் மயங்கி விழுந்தார். தூக்கப் போன தம்பியும் விழுந்தார். தண்ணீர் முழங்காலளவுதான். ஏன்?

மிசின் புகையில் வரும் காபன்மொனொக்சைட்டுக்கு மணமில்லை. கிணற்றின் அடியில் அது தங்கும், பிராணவாயுவும் குறையும். மயங்கியவர் முழங்காலளவு தண்ணீரிலும் மூழ்கிவிடுவார். மிசினை மேலே வைத்துக் குழாயை மட்டும் இறக்குங்கள். ஒருவர் விழுந்தால் உடனே இறங்காமல் மிசினை நிற்பாட்டி, ஆட்களைக் கூப்பிட்டு, இடுப்பில் கயிறு கட்டி மேலே நாலு பேர் பிடிக்காமல் யாரையும் விடாதீர்கள். விழுந்தவர் உங்கள் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர் என்றால், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வரும். அதில் முதலாளியின் கவனக்குறைவை நிரூபிக்கவே தேவையில்லை, வேலையால் நேர்ந்த விபத்து என்றால் போதும்.

சாவகச்சேரி: வழக்குப் போடக் காசில்லை.

சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு அவர்கள் வழக்குப் பேசுவார்கள். மரணச் சான்றிதழ், மரண விசாரணை அறிக்கையின் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், உங்கள் அடையாள அட்டை, வருமானம் பற்றிக் கிராம சேவையாளரின் கடிதம் இவற்றோடு போங்கள். அந்திரட்டி முடியட்டும், ஆண்டுத் திவசம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் இரண்டு வருடத்தில் பாதி போய்விடும். எட்டுச் செலவு முடிந்த கிழமையே போங்கள்.