வேறு நாட்டுக்குக் குடிபெயரும்போது, வேட்டைக்கோ சுடும் போட்டிக்கோ வைத்திருக்கும் சொந்தத் துப்பாக்கியைக் கூடவே கொண்டுபோக முடியுமா?

பல நாடுகளுக்கு முடியும். ஆனால் ‘இறக்குமதி அனுமதி’ முதலில் கையில் இருக்க வேண்டும்: இன்ன வரிசை எண் கொண்ட இந்தத் துப்பாக்கி உள்ளே வரலாம் என்று போய்ச்சேரும் நாடு முன்கூட்டியே தரும் ஒப்புதல் அது. பழைய உரிமம் ஏன் போதாது? அதைக் கொடுத்த அரசின் எல்லையோடு அதன் செல்லுபடி முடிந்துவிடுகிறது. இங்கே சாதாரணமான ரகம் அங்கே தடைசெய்யப்பட்டதாக இருக்கலாம். வளர்ப்பு நாயைக் கொண்டுபோவது போலத்தான். நாய் உங்களுடையதே, ஆனாலும் தடுப்பூசிச் சான்று இல்லாமல் விடமாட்டார்கள்.

புறப்படும் நாட்டின் ஏற்றுமதி அனுமதியும் தேவைப்படலாம். இடையில் விமானம் மாறினால் அந்த நாட்டின் விதியையும் பாருங்கள். கோட்டைவிடுவது பெரும்பாலும் இங்கேதான். அனுமதி வரும்முன் வீட்டுச் சாமான்களோடு தயவுசெய்து ஏற்றிவிடாதீர்கள்.

ஐரோப்பியத் துப்பாக்கிக் கடவுச்சீட்டு இருந்தால் போதும் என்று சிலர் நம்புகிறார்கள். அது வேட்டைக்கோ போட்டிக்கோ போய்த் திரும்புவதற்கான பயண ஆவணம், குடியேற்றத்துக்கானது அல்ல.