ஒற்றைக் கையில் ரூபிக் கியூப்

கேள்வி: 13 வயதாகும் என் மகள் இரு கைகளால் 40 விநாடிகளில் ரூபிக் கியூபைச் சேர்த்துவிடுகிறாள். ஒற்றைக் கையால் முயன்றால் நழுவிவிடுகிறது. வலக்கைப் பழக்கமுள்ளவள் எந்தக் கையில் பழகுவது நல்லது?

பதில்: இடக்கையில் பழகச் சொல்லுங்கள். வலக்கைக்காரர்களில் பலரும் போட்டிகளில் இடக்கையையே பயன்படுத்துகிறார்கள். ஏனெனில், மனப்பாடமாகக் கற்கும் திருப்பு வரிசைகளில் பல வலப்பக்கத்தையும் மேல் அடுக்கையும் மட்டுமே சுழற்றுபவை, கியூபை இடக்கையில் ஏந்தும்போது அவை இரண்டும் விரல்களுக்கு எட்டும் இடத்தில் அமைகின்றன.

நழுவுவதற்குப் பெரும்பாலும் பிடியே காரணம். கட்டைவிரல் முன்பக்கத்திலும் நடுவிரல் பின்பக்கத்திலும் அழுந்தியிருக்க, மேல் அடுக்கை ஆள்காட்டி விரல் மட்டுமே தள்ள வேண்டும். இதற்கு நான் மிகவும் விரும்பிப் பரிந்துரைக்கும் பயிற்சி ஒன்று உண்டு: வலப்பக்கத்தை மேல்நோக்கி, மேல் அடுக்கின் முன்வரிசையை இடமாக, வலப்பக்கத்தைக் கீழ்நோக்கி, மேல் அடுக்கின் அதே முன்வரிசையைத் திரும்ப வலமாக என்று நான்கு கால்வட்டத் திருப்பங்கள். சேர்த்து முடித்த கியூபில் இவ்வரிசையை 6 முறை செய்தால் அது பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பதால், விரல் தவறியிருந்தால் உடனே தெரிந்துவிடும். முதலில் வேகம் வேண்டாம். கடிகாரத்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

காந்தம் பொருத்திய, சற்றே சிறிய, எடை குறைந்த கியூப் அவள் கைக்கு இதமாக இருக்கும்.

போட்டியில், சேர்க்கத் தொடங்குமுன் கியூபைப் பார்க்கத் தரப்படும் 15 விநாடி நேரத்தில் அதை இரு கைகளாலும் தொடலாம். சேர்க்கத் தொடங்கியபின் மறு கை பட்டால் அந்த முயற்சி செல்லாது. மணிக்கட்டு வலித்தால் அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திவிடச் சொல்லுங்கள்.