பேக்கப் மறுநாள் மாலை வரை இழுக்கிறது. புது சர்வர் வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகம் வைத்திருக்கிறேன். சர்வரில் டேலி கணக்குகள், ஸ்கேன் செய்த பில்கள் எல்லாம் சேர்த்து சுமார் 900 ஜிபி இருக்கிறது. தினமும் இரவு எட்டு மணிக்கு, பக்கத்து அறையில் உள்ள நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) முழு பேக்கப் ஓடும். முன்பு நள்ளிரவுக்குள் முடிந்துவிடும். அலுவலகத்துக்குப் பெயின்ட் அடித்து மேசைகளை இடம் மாற்றிய பிறகு, மறுநாள் மாலை ஏழு மணி வரை இழுக்கிறது. பகலில் டேலி திணறுகிறது. சர்வர் பழசாகிவிட்டது, ஒன்றரை லட்சத்தில் புதிது போட்டுவிடலாம் என்கிறார் சப்ளையர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். விடையில் பாதி உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இரவு எட்டு முதல் மறுநாள் மாலை ஏழு வரை 23 மணி நேரம். 900 ஜிபியை அந்த நேரத்தால் வகுத்தால் நொடிக்கு ஏறக்குறைய 11 எம்பி வருகிறது. நெட்வொர்க் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த எண் நன்றாகப் பழக்கம். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) லைனில் ஒரு ஃபைலை அனுப்பினால் கிடைக்கிற உச்ச வேகமே அதுதான். கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) லைன் என்றால் நொடிக்கு 110 எம்பி வரை போகும். இதே 900 ஜிபி இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும். முன்பு நள்ளிரவுக்குள் முடிந்ததென்றால் அப்போது கிகாபிட்டில்தான் ஓடியிருக்க வேண்டும்.

அதனால் என் சந்தேகம் எல்லாம் மேசை மாற்றியபோது கை வைத்த கேபிள் மேல்தான். கிகாபிட்டுக்கு லேன் கேபிளில் உள்ள எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு போதும். மேசைக் காலில் நசுங்கியோ, கிரிம்ப் செய்த இடத்தில் விலகியோ மீதி நான்கில் ஒரு கம்பி போனாலும், இரு பக்கக் கருவிகளும் தாங்களே 100க்கு இறங்கி ஓட ஆரம்பித்துவிடும். எர்ரர் எதுவும் வராது, இன்டர்நெட்டும் வழக்கம்போல வரும். யாருக்கும் தெரியாமல் மாதக்கணக்கில் இப்படியே ஓடுகிற அலுவலகங்கள் உண்டு.

சரி, எப்படிப் பார்ப்பது? சர்வரில் நெட்வொர்க் கனெக்ஷனின் ஸ்டேட்டஸ் ஜன்னலைத் திறந்தால் ‘ஸ்பீட்’ என்று ஒரு வரி இருக்கும். 1.0 ஜிபிபிஎஸ் என்று இருந்தால் சர்வரிலிருந்து, கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச் வரை பழுதில்லை. 100 எம்பிபிஎஸ் என்று இருந்தால் கோளாறு அங்கேதான். ஆனால் இது பாதி வழியை மட்டும்தான் காட்டும். ஸ்விட்ச்சிலிருந்து நாஸ் வரை உள்ள மீதிப் பாதிக்கு, நாஸின் செட்டிங்ஸ் பக்கத்தில் நெட்வொர்க் பகுதியைப் பாருங்கள். எந்தப் பாதியில் 100 தெரிகிறதோ அங்கே புது கேட் 6 பேட்ச் கார்டு (இரு முனையும் பொருத்தியே வரும் லேன் கேபிள்) போடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். அப்புறமும் மாறவில்லையென்றால் ஸ்விட்ச்சைப் பாருங்கள். இடம் மாற்றும்போது யாராவது 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாத பழைய 10/100 ஸ்விட்ச்சையோ, பிராட்பேண்ட் ரவுட்டரையோ நடுவில் சொருகியிருக்கலாம்.

இரண்டு பக்கமும் கிகாபிட் காட்டியும் வேகம் வரவில்லையா? அப்போதுதான் சர்வரைச் சந்தேகிக்கலாம். பேக்கப் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று சப்ளையரையே காட்டச் சொல்லுங்கள். நின்றால் ஹார்ட் டிஸ்க் தன் நிலைமையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டை உடனே எடுக்க வேண்டும். சாகப்போகிற டிஸ்க்கும் இப்படித்தான் மந்தமாகும். அதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அப்போதும் மாற்ற வேண்டியது பெரும்பாலும் டிஸ்க்தான், சர்வர் அல்ல. ஸ்கேன் பில்கள் லட்சக்கணக்கில் குட்டி ஃபைல்களாக இருந்தாலும் வேகம் விழும். ஒவ்வொரு ஃபைலுக்கும் திறந்து மூடும் வேலை தனி, ஆன்டிவைரஸும் ஒவ்வொன்றையும் நிறுத்திச் சோதிக்கும்.

இன்னொன்று, தினமும் முழு பேக்கப் எதற்கு? ஞாயிறு முழுதாகவும், மற்ற நாட்களில் மாறியதை மட்டும் எடுக்கும் இன்க்ரிமென்டலாகவும் வைத்தால் தினசரி வேலை சில நிமிடங்களில் முடியலாம். எனக்கு அதிகக் கவலை தருவது, பகலில் டேலி திறந்திருக்கும்போதே பேக்கப் ஓடுவது. எழுதிக்கொண்டிருக்கும் டேட்டாவை அப்படியே காப்பி செய்தால், ஒரு ஃபைல் பழையதும் இன்னொன்று புதியதுமாகச் சேர்ந்துவிடலாம். இப்போது நாஸில் உள்ள பேக்கப்பிலிருந்து ஒரு கம்பெனியின் டேலி கணக்கை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து, திறக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

கேள்வி: நாஸுக்கென்று வாங்கிய 4 டிபி ஹார்ட் டிஸ்க் முதலில் வேகமாக எழுதுகிறது, பிறகு படுத்துவிடுகிறது. கடைக்காரர் ‘எல்லாம் அப்படித்தான்’ என்கிறார்.

பதில்: எல்லாம் அப்படி அல்ல. உங்களுடையது எஸ்எம்ஆர் வகையாக இருக்கலாம். கூரை ஓடுபோலத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். கீழே ஒன்றை மாற்ற மேலே உள்ளவற்றையும் தொட வேண்டும். அதனால் நீண்ட நேரம் எழுதும்போது வேகம் சரிகிறது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ‘ரெட்’ நாஸ் டிஸ்க்குகள் சிலவற்றில் இந்த முறையை வெளியே சொல்லாமல் பயன்படுத்தியது 2020இல் பெரிய சர்ச்சையானது. அதன் பிறகுதான் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் டிஸ்க்குகளை ‘ரெட் பிளஸ்’ என்று தனியாகப் பிரித்தார்கள்.

டிஸ்க்கின் மேல் உள்ள மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். சிஎம்ஆர் என்று சொல்லி எஸ்எம்ஆர் கொடுத்திருந்தால், பில்லுடன் கடையில் எழுத்துமூலம் மாற்றித் தரக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் 2019 நுகர்வோர் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார்; ஆனால் சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவருக்கு விலக்கு உண்டு. அடுத்த முறை வாங்கும்போது பில்லில் முழு மாடல் எண்ணையும், ‘சிஎம்ஆர்’ என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.