பையனுக்கு மார்பு வீங்குதே டாக்டர்?

தர்மபுரியில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் நான். வயசுக்கு வரும் பையன்களைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பெயர் வேண்டாம், ஊர் மட்டும் போடுகிறேன்.

பாலக்கோடு, ஒரு அம்மா: பையனுக்கு 13 வயது. வலது மார்புக் காம்புக்கு அடியில் கட்டி மாதிரி இருக்கிறது. பனியன் உரசினாலே வலி என்கிறான். புற்றுநோயாக இருக்குமா?

இந்த வயதில் புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது அம்மா. பருவம் தொடங்கிய பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வரும். கைனகோமாஸ்டியா என்று பெயர். பெயர்தான் பெரிசு.

என்னிடம் வந்தால் பையனை மல்லாக்கப் படுக்க வைத்து, கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் மார்பின் இரண்டு பக்கமும் வைத்து மெதுவாகக் காம்பை நோக்கிக் கொண்டு வருவேன். நேராகக் காம்புக்கு அடியில் புளியங்கொட்டை மாதிரி ஒரு வில்லை, ரப்பர் போல, நகர்த்தினால் நகரும். அப்படியென்றால் பெரும்பாலும் கவலை இல்லை. அது கொழுப்பு இல்லை, பால் சுரப்பித் திசு.

ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொஞ்சம் உண்டு. விரைகள் வேலையை ஆரம்பித்து ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் முழு அளவுக்கு ஏறக் கொஞ்ச காலம் பிடிக்கும். அதுவரை ஈஸ்ட்ரோஜன் கை சற்று ஓங்கி இருக்கும். அதன் வேலைதான் இந்த வில்லை. ஒரு பக்கம் முதலில் வந்து, அப்புறம் மறு பக்கமும் வரலாம். 6 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். கரைகிறதா என்று தினமும் அழுத்திப் பார்க்காதீர்கள். பாதி வலி அந்த அழுத்தலில்தான் வருகிறது.

காரிமங்கலம், அப்பா: பிராய்லர் கோழி தின்றுதான் இப்படி என்கிறார்களே?

பிராய்லர் ஆறு வாரத்தில் வளர்வது இனத்தாலும் தீவனத்தாலும். பலர் நினைப்பது போல ஹார்மோன் ஊசியால் இல்லை. கோழியே தொடாத வீட்டுப் பையனுக்கும் இது வருகிறது.

பென்னாகரம், ஒரு பாட்டி சொல்லச் சொல்லிப் பேத்தி எழுதியது: பிறந்தபோது பேரனுக்கு மார்பில் பால் பிழிந்து விடவில்லை. அதனால்தானா?

இல்லைங்க பாட்டி, பிழியாமல் விட்டது ரொம்ப நல்லது. பிறந்த குழந்தைக்கு, பையனோ பெண்ணோ, அம்மாவின் ஹார்மோனால் மார்பு லேசாக வீங்கும், சில துளி பால்கூட வரும். சில வாரத்தில் வற்றிவிடும். பிழிந்தால் கிருமி புகுந்து சீழ் கட்டும். அப்படிச் சீழ் கட்டிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கும் ஓடி வருகிறார்கள். அதற்கும் இப்போது வந்திருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

ஊத்தங்கரை: மகனுக்கு 15, எடை 82 கிலோ. இரண்டு பக்கமும் தொங்குகிறது. புஷ்-அப் எடுத்தால் போகுமா?

விரலுக்கு வில்லை எதுவும் தட்டாமல் மெத்தென்று இருந்தால் அது வெறும் கொழுப்பு. புஷ்-அப் அடியில் இருக்கும் தசையை வளர்க்கும், மேலே இருக்கும் கொழுப்பைக் குறிபார்த்துக் கரைக்காது. மொத்த எடை குறைய வேண்டும். கொழுப்புத் திசுவே ஆண் ஹார்மோனில் ஒரு பகுதியை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் என்பதால், குண்டான பையனுக்குக் கொழுப்பும் வில்லையும் கலந்தும் இருக்கலாம். குளிர்பானத்தையும் மாலை போண்டாவையும் நிறுத்திவிட்டு, பள்ளிக்கு சைக்கிளில் அனுப்புங்கள்.

ஓசூர், பிளஸ் டூ மாணவன்: ஜிம்மில் ஊசி போட்டார்கள். இப்போது காம்பு வீங்குகிறது.

தம்பி, ஊசியை இன்றோடு விடுங்கள், ஆனால் டாக்டரைப் பார்க்காமல் இருந்துவிடாதீர்கள். அது அனபாலிக் ஸ்டீராய்டாக, அதாவது தசையை ஏற்றும் ஆண் ஹார்மோன் வகை மருந்தாக இருக்கும். அதில் ஒரு பகுதி உடம்புக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறும், விரைகளும் சுருங்கும். என்ன போட்டார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள், முடிந்தால் பாட்டிலைக் கொண்டு போங்கள்.

வேறு மருந்தாலும் இது வரும்: நீர் பிரிக்கும் மாத்திரையான ஸ்பைரோனோலாக்டோன், மனநல மருந்தான ரிஸ்பெரிடோன், பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் மாத்திரை. டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் யாரும் தாங்களாக நிறுத்தக் கூடாது.

கிருஷ்ணகிரி: பெண்ணாக மாறுகிறானா? நாளைக்குக் குழந்தை பிறக்குமா?

மாறவில்லை. இந்த வில்லையால் அதற்கு ஒரு தடையும் இல்லை.

அரூர்: எப்போது பயப்பட வேண்டும்?

பருவ அறிகுறி எதுவும் தெரியாத சின்னப் பையனுக்கு வந்தால், கட்டி கல் மாதிரி இருந்தால், காம்பை விட்டுத் தள்ளி இருந்தால், காம்பிலிருந்து ரத்தம் கசிந்தால், விரையில் கட்டி தட்டினால் உடனே காட்டுங்கள். இரண்டு வருடம் தாண்டியும் குறையாவிட்டாலும் காட்ட வேண்டும். நெடுநெடுவென்று வளர்ந்து விரை மட்டும் சின்னதாகவே நின்றுவிட்ட பையனுக்கு குரோமோசோம் பரிசோதனை தேவைப்படலாம். எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் என்ற நிலை அது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே ஆரம்பிக்கலாம். களிம்பு, எண்ணெய் எதுவும் இதைக் கரைக்காது. வருடக்கணக்கில் நின்றுவிட்டால் அறுவை சிகிச்சை உண்டு, அதுவும் வளர்ச்சி முடிந்த பிறகு.

ஊர் போடாத 14 வயதுப் பையன்: லீவுக்கு எல்லோரும் ஒகேனக்கல் போகிறோம். மாமா, சித்தப்பா எல்லாம் எண்ணெய் மசாஜ் எடுப்பார்கள். சட்டையைக் கழற்றச் சொல்வார்கள். நான் போகாமலே இருந்துவிடட்டுமா?

போங்க தம்பி. மசாஜ் வேண்டாம் என்றால் எண்ணெய் ஒத்துக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள், கழுத்து வரை பட்டன் போட்ட டி-ஷர்ட்டோடு அருவியில் நில்லுங்கள். அருவியில் சட்டையோடு குளிக்கிறவர்கள் எத்தனையோ பேர். சித்தப்பா கிண்டல் செய்தால், 13 வயதில் தனக்கு எப்படி இருந்தது என்று அவரையே கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்த அப்பாக்களில் பல பேர் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கும் இருந்துச்சு சார்" என்றுதான் சொன்னார்கள்.